வலது கையில் 97, காலில் 92

என் மகள் பிறந்து 26 மணி நேரம் ஆகியிருந்தது. நன்றாகப் பால் குடித்தாள், உதடுகள் சிவந்திருந்தன. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் செவிலியர், இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரோடு வந்தார். ஊசி இல்லை, இரத்தம் எடுக்கவில்லை. சிவப்பு ஒளி வீசும் மெல்லிய பட்டையை அவளது வலது கையில் சுற்றினார்: 97. பிறகு காலில்: 92.

“ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் அம்மா” என்றார்.

கால் குளிர்ந்திருந்தாலோ, குழந்தை அழுதாலோ, அசைந்தாலோ எண் தவறாக வரக்கூடும் என்றும் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் கால் உண்மையிலேயே சில்லென்றுதான் இருந்தது. காலுறை மாட்டி, என் உள்ளங்கைகளுக்குள் பொத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவளோ நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாம் முறை 97, 91. கால் கதகதப்பாகத்தான் இருந்தது.

அங்கே பின்பற்றிய முறைப்படி, ஏதாவது ஓர் எண் 90க்குக் கீழே போயிருந்தால் காத்திருக்கவே மாட்டார்கள். 95ஐத் தொட்டு, கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3க்குள் இருந்தால் கவலை இல்லை. நாங்கள் இரண்டுக்கும் நடுவே நின்றோம். மூன்றாம் முறையும் வித்தியாசம் குறையவில்லை. இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனான எக்கோ எடுத்தார்கள்.

இதய மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கருவில் இருக்கும்போது இரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக, நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்கு ஒரு சிறு குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். வலது கைக்கான கிளை அந்தக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. காலுக்குப் போகும் இரத்தம் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மகளுக்கு அங்கேதான் பெருந்தமனி குறுகியிருந்தது. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் குழாய் வழியே கலந்து கீழே போனதால்தான் காலில் எண் இறங்கியது. உடம்பின் கீழ்ப்பாதி அந்தக் குழாயை நம்பித்தான் இருந்தது. அது வீட்டில் மூடியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை உலுக்குகிறது. கையில் மட்டும் பார்த்திருந்தால் 97 என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

கர்ப்பகால ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்ததே என்று கோபத்தோடு கேட்டேன். இந்தக் குறுக்கத்தைக் கருவில் கண்டுபிடிப்பது கடினம் என்றார். இந்தச் சோதனையிலும்கூட இது தப்பிவிடுவது உண்டாம். அதனால் எண்கள் சரியாக இருந்த குழந்தையானாலும், பால் குடிக்கையில் மூச்சு வாங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, நிறம் வெளிறினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குழாய் மூடாமல் இருக்கப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அது சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். ஆறாம் நாள் அறுவை சிகிச்சை. இடது விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, குறுகிய பகுதியை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார்கள். அந்த நாளைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் தெம்பு வரவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பது மாதம். தைத்த இடம் மீண்டும் குறுகக்கூடும் என்பதால் ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். முதலில் வலது கையில், பிறகு காலில். பட்டையைக் கண்டதும் அவளே காலை நீட்டுகிறாள்.