38 பேர் பார்த்தார்கள், ஒருவரும் வரவில்லை

இரவு ஒன்றரை மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. தனியாக இருப்பவள் நான். ஏழு பேருக்கு போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. பிறகு 38 பேர் உள்ள நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில், "அவசரம், யாராவது வர முடியுமா?" என்று போட்டேன். "ஐயோ, பார்த்துக்கோ" என்று இரண்டு பதில் வந்தது. அவ்வளவுதான். கடைசியில் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, தவழ்ந்து போய் நானே கதவைத் திறந்தேன். "கூட யாரும்மா வர்றாங்க?" என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பல நாள் கோபம் ஆறவில்லை. "வேற யாராவது போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் ஒருத்தி. 1968இல் டார்லி, லடானே என்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியதும் இதைத்தான்: ஆபத்தை அறிந்தவர்கள் கூடக் கூட, ஒவ்வொருவருக்கும் நாம்தான் போகவேண்டும் என்ற எண்ணம் குறைகிறது. அவசரத்தில் தயவுசெய்து குழுவில் கேட்காதீர்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கட்டுப் பிரித்ததும், அவசரத்துக்கு வரக்கூடிய ஆள் சேர்க்க இறங்கினேன். முதல் சுற்று முழுக்க வீண். "ஏதாவதுன்னா உதவுவியா?" என்றால் எல்லோரும் "கண்டிப்பா" என்றுதான் சொல்வார்கள். அடுத்த காய்ச்சலில் அழைத்தபோது, அப்படிச் சொன்னவர் இரவு ஷிப்டில் இருந்தார். மறுபடி தொடங்கினேன். "இரவு 11 மணிக்கு மேல் அழைத்தால் வர முடியுமா?" "என் வீட்டுச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கட்டுமா?" ஒருத்தி, "கைக்குழந்தை இருக்கு, ராத்திரி முடியாது. பகல்ல ஆஸ்பத்திரியில கூட இருக்கேன்" என்றாள். நூறு "கண்டிப்பா"வைவிட அந்தப் பதில் எனக்குப் பயன்பட்டது.

நெருங்கிய தோழி ஒன்றரை மணிநேரத் தொலைவில். அதனால் சாவி மாடி வீட்டு அக்காவிடம் போனது. அதுவரை படிக்கட்டில் சிரித்துக்கொண்டதோடு சரி. கேட்கவே மூன்று நாள் தயங்கினேன். அவரோ மறுநாளே தன் வீட்டுச் சாவியையும் கொண்டுவந்து கொடுத்தார்!

இன்னொன்று, சைலண்ட். அன்று இரவு எடுக்காதவர்களில் பலர் போனைச் சைலண்டில் போட்டுத் தூங்கியவர்கள்தான். உங்கள் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி அவர்கள் போனில் அமைக்கச் சொல்லி, எதிரிலேயே அழைத்துப் பாருங்கள். நான் பார்த்த நான்கில் இரண்டு அடிக்கவில்லை. உங்கள் போனிலும் அவசரத் தொடர்பு எண்ணைப் பூட்டுத் திரையிலேயே தெரிகிறபடி வையுங்கள்.

வார இறுதி இரவுகளுக்கு மட்டும் இன்னும் ஆள் அமையவில்லை. நாளை அலுவலகத்தில் ஒருவரிடம் கேட்கப்போகிறேன். என்ன கேட்பது என்று எழுதியே வைத்திருக்கிறேன்.