5 டிகிரியில் ஒரு தூக்கம்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதில் பால் கிடையாது, இட்லி மாவு கிடையாது. தண்ணீர் நிரப்பிய எட்டு பாட்டில்களும், மூடியில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் மட்டும்தான். டப்பாவில் பாதி அளவுக்கு மண். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து இன்று காலை வரை அந்த மண்ணுக்குள் ஆல்ஃபி தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆல்ஃபி ஒரு தரை ஆமை, ஹெர்மன் வகை. மத்தியதரைக் கடலோரத்து வெயில்தான் அவன் இனத்துக்குப் பழக்கம். நாங்கள் இருப்பதோ இங்கிலாந்தின் வடக்கே, லீட்ஸில். ஜூலையில்கூடப் பல நாள் 20 டிகிரியோடு பகல் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது, 1960களில், கடையில் வாங்கியவன். அந்தக் காலத்தில் இந்த நாட்டுக்குக் கப்பல் கப்பலாக ஆமைகள் வந்து இறங்கின. பெரும்பாலானவை முதல் சில குளிர்காலங்களைத் தாண்டவில்லை. 1984இல்தான் அந்த இறக்குமதியை நிறுத்தினார்கள். தப்பிப் பிழைத்த சிலரில் ஒருவன் இவன். பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது இவனை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடவே ஒரு பழைய தேயிலைப் பெட்டியும் வந்தது. ஒட்டுப்பலகைப் பெட்டி, ஓரங்களில் தகரப் பட்டை, பக்கவாட்டில் பாதி அழிந்த எழுத்தில் 'சிலோன்'. ஒவ்வொரு குளிர்காலமும் அவனுடைய நீண்ட தூக்கத்துக்காகக் கிழித்த செய்தித்தாளை நிரப்பி, அதற்குள் அவனை வைத்து, கேரேஜில் விட்டுவிடுவாராம். நானும் முதல் வருஷம் அப்படியே செய்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ராத்திரி கேரேஜிலிருந்து சுரண்டும் சத்தம். எலி என்று நினைத்து டார்ச்சோடு போனால், தாளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஆல்ஃபி பலகையைக் கீறிக்கொண்டிருந்தான். அந்த வாரம் குளிரே இல்லை. கேரேஜ் தெர்மாமீட்டர் 12 காட்டியது. பாவம், குளிருகிறது போல என்று தூக்கிவந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு வாரம் அங்கேயே இருந்தான். கண்ணைத் திறப்பான், நாலடி நடப்பான், மூலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஒரு இலைகூடத் தொடவில்லை. அப்புறம் ஒரு காலையில் அவன் மூக்குத் துவாரத்தில் சின்ன நீர்க்குமிழி, மூச்சு விடும்போது ஊதி உடைவதைப் பார்த்தேன். மூச்சுத் தொற்று. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், மூன்று நாளைக்கு ஒன்றாக முன்னங்காலில் ஐந்து ஊசி.

ஆமை பார்க்கத் தெரிந்த அந்த மருத்துவர் சொன்னதுதான் இன்றுவரை என் பாடம். ஆமையைக் கெடுப்பது குளிர் இல்லை, அரைகுறைக் குளிர். 5 டிகிரியில் அவன் உடம்பு கிட்டத்தட்ட நின்றுவிடும், உடம்பின் சேமிப்பு மெல்லத்தான் கரையும். 30 டிகிரியில் நன்றாக ஓடும். 10க்கு மேலே போய் 18, 20இல் இழுத்துக்கொண்டே இருந்தால் விழித்திருக்கும் செலவு உண்டு, ஆனால் தின்றதைச் செரிக்கவோ நோயை எதிர்க்கவோ போதுமான சூடு இல்லை. எங்கள் சமையலறை சரியாக அந்த 18தான். ஜன்னல் வெயிலும் உதவாது. கண்ணாடி வெளிச்சத்தை விடும், எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புற ஊதாக் கதிரை விடாது.

அதனால்தான் ஃபிரிட்ஜ். பழையதாக வாங்கினேன். 3இலிருந்து 7 டிகிரிக்குள் நிற்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்ணே உறைந்து குருடாகலாம். பாட்டில் தண்ணீர் வெப்பநிலையை ஏறி இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து விசிறுவேன், புதுக் காற்றுக்காக. ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் எடை. உள்ளே போகும்போது 1,240 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எழுப்பிவிட வேண்டும். நடுவில் சிறுநீர் கழித்து மண் நனைந்திருந்தாலும் அப்படித்தான், அவன் தண்ணீர்ச் சேமிப்பே அதுதான். தூங்கவைப்பதற்கு முன்னால் மூன்று வாரம் சாப்பாட்டை நிறுத்தி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து வயிற்றைக் காலியாக்கினால்தான் உள்ளே இருப்பது அழுகாது.

தோட்டத்து மண்ணிலேயே புதைந்து தூங்கட்டுமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 18ஆம் நூற்றாண்டில், தெற்கே செல்போர்ன் கிராமத்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியாரிடம் இருந்த திமோத்தி அப்படித்தான் நவம்பரில் இறங்கி ஏப்ரலில் எழுந்தது. ஆண் பெயர் வைத்த அந்தப் பெண் ஆமையின் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் தோட்டம் களிமண். நவம்பரில் குழி தோண்டினால் அரை மணியில் தண்ணீர் நிற்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் அவன் நுரையீரல் தாங்காது.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டார். "ஏன்டா, உயிரோடயா வச்சிருக்க?" ஆமை புகுந்த வீடு என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர், ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சே வரவில்லை. முகம் வாடிப்போயிற்று. எடை பார்க்கும்போது அவர் விரலைப் பிடித்து ஆல்ஃபியின் பின்னங்காலில் வைத்தேன். ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மெல்ல, ரொம்ப மெல்ல, அந்தக் கால் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இப்போது ஞாயிறு போனில் அம்மாவின் முதல் கேள்வியே "எத்தனை கிராம்?"

கோடையில் அவன் வெளியேதான். தெற்கு பார்த்த மேட்டில் மணல் கலந்த மண், அதன் மேல் புற ஊதாவை விடும் அக்ரிலிக் தகட்டால் ஒரு தாழ்ந்த கூடு. வெளியே 14 இருக்கும்போது வெயில் பட்டால் உள்ளே 28. அதிகமாகச் சூடானால் மூடி தானே திறக்கும்: உருளைக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து கம்பியைத் தள்ளுகிறது, மின்சாரமே வேண்டாம். மேகமூட்ட நாளுக்கு உள்ளே ஒரு விளக்கு. சாப்பாடு டான்டிலையன், இங்கே எல்லாரும் பிடுங்கி எறிகிற களை. மருந்து அடிக்காத வீடுகளில் கேட்டு வாங்கிவருவேன். மஞ்சள் பூவைக் கடித்து இழுக்கும்போது வாயெல்லாம் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். கூடவே கணவாய் ஓட்டுத் துண்டு, சுண்ணாம்புச் சத்துக்கு.

இதைப் படித்துவிட்டு ஊரில் நட்சத்திர ஆமை தேடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது பாதுகாக்கப்பட்ட காட்டுயிர். பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். இங்கேயும் ஹெர்மன் ஆமையை விற்க அரசுச் சான்றிதழ் வேண்டும்.

இன்று காலை எடை 1,185. பதினோரு வாரத்தில் 55 கிராம்தான் குறைந்திருக்கிறது. ஃபிரிட்ஜை அணைத்து, டப்பாவை ஹாலில் வைத்தோம். மத்தியானம் அவனே மண்ணை உதறிவிட்டுத் தலையை நீட்டினான். தாடை முழுகும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்ததும் கழுத்தைத் தாழ்த்தி, கண்ணை மூடி, குடிக்க ஆரம்பித்தான். தொண்டைத் தோல் ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிஷம் நிறுத்தவே இல்லை. துடைத்துத் தராசில் வைத்தால் 1,226. இப்போது விளக்குக்குக் கீழே நான்கு காலையும் பரப்பிப் படுத்திருக்கிறான். முதல் டான்டிலையன் இலை முன்னால் இருக்கிறது, இன்னும் தொடவில்லை.