நாரை இப்போது காலூன்றி நிற்கிறது

நான் செய்யும் மூன்றாவது சிமெண்ட் நாரைச் சிலை இது. முதல் இரண்டும் காலில்தான் போயின.

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் மூலைக்கரைப்பட்டிப் பக்கம். கூந்தன்குளத்துக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். பஸ் நிற்கும் வேப்பமரத்து மேடையில் ஊர்ப்பொதுவில் ஒரு சிலை வைக்கலாம் என்று பேச்சு வந்ததும், பறவைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ஆனது 1994இல். அதற்கு வெகு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் புறவாசல் மரத்தில் கூடு கட்டிய பறவைகளைக் கலைக்காமல், தீபாவளிக்கு வெடிகூடப் போடாமல் வாழ்ந்து வருகிறார்கள். எங்கள் பக்கத்துக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

எடுத்துக்கொண்டது மஞ்சள்மூக்கு நாரை. நிஜ அளவே ஏறக்குறைய ஒரு மீட்டர். 12 மி.மீ. கம்பியில் கால், 6 மி.மீ. கம்பியில் உடம்புக்கூடு, மேலே கோழிவலை, அதன்மேல் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட்-மணல் கலவை. பூச்சு ஏற ஏற ஆடத் தொடங்கி, முழங்கால் மடங்கிவிட்டது. இரண்டாவதற்குக் காலைத் தடியாக்கினேன். நின்றது, ஆனால் நாரையின் ஒயில் இல்லை. உடைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போய், அன்னத்தின்மேல் அமர்ந்த ரதி சிலையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்த அன்னம் தனியே நிற்கவில்லை. தூணோடு ஒரே கல். பாரத்தைத் தூண் வாங்கிக்கொள்கிறது, நம் கண்ணோ அன்னத்தை மட்டும் பார்க்கிறது. அங்கேயே முடிவு செய்தேன்: என் நாரைக்குத் தூண் கருவேல மரமும் அதிலுள்ள கூடும்தான்.

சித்திரை வெயிலில் தாய்நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். அந்த நிலையையே இப்போது செய்திருக்கிறேன். ஒரு இறக்கையின் நுனி கிளையில் பட்டு நிற்கிறது. பாதி பாரம் அதில் இறங்கிவிடுகிறது. கால் மெலிந்தே இருக்கிறது, ஆட்டமில்லை. சிறகின் கோடுகளைக் கலவை இறுகுமுன் தென்னை ஈர்க்கால் கீறினேன். நடுப்பகல் வெயிலில் பூசிய கழுத்தில் மட்டும் வெடிப்பு. கொத்திவிட்டு அந்தியில் மறுபடி பூசி, ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி வைத்தேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தாள். "ஏய்யா, மூக்கு ஈட்டி மாதிரி நேராவா இருக்கும்? நுனி கொஞ்சம் கீழ வளைஞ்சுல்லா இருக்கும்!" சரிதான். அலகின் கடைசி நாலு விரலை உடைத்து, வளைத்துப் பூசினேன். முகமே மாறிவிட்டது.

மார்பில் கறுப்புப் பட்டை, வால் பக்கச் சிறகில் இளஞ்சிவப்பு, முகத்தில் ஆரஞ்சு எல்லாம் ஆயிற்று. குஞ்சுகளுக்கு இளஞ்சிவப்பு கிடையாது, மங்கல் நிறம்தான். கால் மட்டும் பாக்கி. நாரையின் கால் சிவப்புத்தான். ஆனால் வெயிலில் தன் காலிலேயே எச்சமிட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்வதால், கூட்டில் நிற்கும்போது வெள்ளையாகத்தான் தெரியும். முதலில் சிவப்பு அடித்து, காய்ந்ததும் அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையைத் திட்டுத்திட்டாக ஒற்றப் போகிறேன்.