நான்கு நிமிட வித்தியாசம்

மீட்டிங் அறைச் சுவர்க் கடிகாரம் என் லேப்டாப்பைவிட நான்கு நிமிடம் முன்னால் ஓடுகிறது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். எல்லாரும் ஏதோ இலக்கு பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ முள்ளைச் சரியாக வைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அறிவியல் புனைகதைப் படங்களாகப் பார்த்து வளர்ந்த மூளை சும்மா இருக்குமா?

‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்தில் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் 7 வருடம் ஓடிவிடும். கதைதானே என்று தள்ளவும் முடியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அணுக் கடிகாரங்கள் தரையில் இருப்பவற்றைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகின்றன, அதைத் திருத்தாமல் விட்டால் மேப் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தப்புக் காட்டும். (நேரம் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடாது என்று சொன்னவர் ஐன்ஸ்டைன். காலையில் எனக்கு ஆபீஸுக்கு வழி காட்டியதே அவர்தான்.)

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார்” என்றேன். கேள்வி என்னவென்றே தெரியாது.

அப்புறம் வெளியே வந்து போனை எடுத்தால் கல்லூரி நண்பர்கள் குரூப்பில் 214 மெசேஜ். ஒருவனுக்கு வேலை கிடைத்து, இன்னொருவன் அதைக் கிண்டல் செய்து, சண்டை வந்து, சமாதானமும் ஆகியிருந்தது.

நான் உள்ளே இருந்தது வெறும் இரண்டு மணி நேரம்.