சிக்கய்யாவும் திம்மக்காவும் வளர்த்த சாலை

பெங்களூரு போனால் நந்தி மலைக்குத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை நான் பிடிவாதமாக ஹுலிகல் போகலாம் என்றேன். மாகடி தாலுகாவில் இருக்கிற சின்ன ஊர், அங்கிருந்து குதூர் போகிற சாலையில் சுமார் நாலு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் ஆலமரங்கள். சாலுமரத திம்மக்காவும் அவர் கணவர் சிக்கய்யாவும் வைத்தவை, 385 மரங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது, ஆனால் மரங்களுக்குள் வண்டி நுழைந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டோம், அப்படி ஒரு குளிர்ச்சி. தார் மேல் ஆலம்பழங்கள் நசுங்கிக் கிடக்கின்றன, மேலே மைனாக்களின் இரைச்சல். ஒரு அடிமரத்தை நானும் நண்பனும் இரண்டு பக்கமும் நின்று கட்டிப் பார்த்தோம், கைகள் எட்டவே இல்லை.

திம்மக்கா 2025 நவம்பரில் தன் 114-வது வயதில் காலமானார். அவருடைய வயதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். எனக்கென்னவோ இது ஒரு கல்யாணத்தின் கதையாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் கூலி வேலை செய்தவர்கள், குழந்தை இல்லை. பிள்ளையில்லாத பெண்ணை அந்தக் காலத்துக் கிராமம் என்னவெல்லாம் பேசும் என்று நமக்குத் தெரியாதா என்ன! சரி, மரங்களையே பிள்ளைகளாக வளர்ப்போம் என்று சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள். முதல் வருஷம் 10 கன்று, அடுத்த வருஷம் 15, அப்புறம் 20. மழை தொடங்குகிற நேரம் பார்த்து நடுவது, மாடு கடிக்காமல் முள் வெட்டி வேலி கட்டுவது, மழை இல்லாத நாட்களில் குடத்தில் தண்ணீர் சுமந்து அந்த நாலு கிலோமீட்டரும் நடந்து ஊற்றுவது, இதெல்லாம் கூலி வேலைக்கு நடுவில்.

சிக்கய்யா 1991-ல் இறந்துவிட்டார். விருதுகள் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். 2019-ல் பத்மஸ்ரீ வாங்கும்போது ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தின் தலையில் திம்மக்கா கைவைத்து ஆசீர்வதித்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சிக்கய்யா பக்கத்தில் இல்லையே என்றிருக்கும். அதே வருஷம் சாலையை அகலமாக்க இந்த மரங்களை வெட்டும் பேச்சு வந்தது. முதலமைச்சராக இருந்த குமாரசாமியிடம் முறையிட்டு, வேறு வழி பார்க்க வைத்தார் திம்மக்கா. கணவர் போய் இருபத்தெட்டு வருஷம் கழித்தும் இருவரும் வளர்த்த பிள்ளைகளுக்காக நின்றிருக்கிறார்.

போகிறவர்கள் காரிலேயே கடந்துவிடாதீர்கள், குதூர்ப் பக்கம் நிறுத்திவிட்டு நடங்கள். கூட வரும் குழந்தைகளிடம் திம்மக்காவின் கதையைச் சொன்னால் சிக்கய்யாவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.