ஆய்வகம் முழுக்க ஒரே கணக்கு: 389 டைரக்டரி சர்வர் நிறுவிய அனுபவம்

மதுரையில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லா மெஷினிலும் டெபியன் லினக்ஸ். மாணவர் கணக்குகளை ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாகப் போட்டு வைத்திருந்தோம். "சார், என் பாஸ்வேர்டு இந்த மெஷின்ல எடுக்கலை" என்ற குரல் கேட்காத வகுப்பே கிடையாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம் இதில் கரைவது எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்க 389 டைரக்டரி சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வளர்ந்த மென்பொருள் இது. 2004இல் ரெட் ஹாட் வாங்கி, 2005இல் திறமூலமாக்கியது. இதே வேலையைச் செய்யும் ஓப்பன்எல்டாப் மென்பொருளும் தரமானதுதான். ஆனால் இதில் 'டிஎஸ்கிரியேட்' என்ற கருவி கேள்வி கேட்டுக் கேட்டே சர்வரை அமைத்துத் தருகிறது. எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவருக்கும் அது எளிது.

நிறுவுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதில்தான் பொறுமை வேண்டும். சர்வருக்கு மாறாத ஐபி முகவரியும், புள்ளி வைத்த முழுப் பெயரும் கொடுங்கள். அந்தப் பெயரை ஆய்வகத்தின் எல்லா மெஷினும் அடையாளம் காண வேண்டும். பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர் எங்களிடம் இல்லாததால் ஒவ்வொரு மெஷினின் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பிலும் எழுதினேன்: முதலில் ஐபி, அடுத்து முழுப் பெயர், கடைசியில் சுருக்கப் பெயர். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்ய டிஎஸ்கிரியேட் உருவாக்கும் சான்றிதழில் இந்த முழுப் பெயர்தான் ஏறுகிறது. பின்னால் ஐபியை வைத்து இணைத்தால் சான்றிதழ் ஒத்துப்போகாது, இணைப்பு மறுக்கப்படும்.

அதன் பிறகு நிறுவுவது சட்டென்று முடிந்தது. சாதாரண இணைப்புக்குப் போர்ட் 389, பாதுகாப்பான இணைப்புக்கு 636, நிர்வாகிக்குக் கடவுச்சொல், அவ்வளவுதான். ஒவ்வொரு மாணவர் கணக்குக்கும் லினக்ஸ் வைத்துக்கொள்ளும் பயனர் எண்ணை 10000இலிருந்து தொடங்கினேன். டெபியன் உள்ளூர்க் கணக்குகளுக்கு 1000இலிருந்து எண் கொடுக்கிறது. இரண்டும் மோதினால் ஒருவர் கோப்பு இன்னொருவர் பெயரில் தெரியும்.

மாணவர் மெஷின்களில் எஸ்எஸ்எஸ்டி போட்டேன்; சர்வரிடம் கேட்டுக் கணக்கைச் சரிபார்க்கும் மென்பொருள் அது. சர்வரின் சான்றிதழை நம்பலாம் என்று காட்டும் சிஏ சான்றிதழையும் கொண்டுபோய் வைத்தேன். எஸ்எஸ்எஸ்டியின் அமைப்புக் கோப்பு ரூட் (மெஷினின் தலைமை நிர்வாகி) பயனரிடம், அவர் மட்டும் படிக்க, எழுத முடிகிற 600 அனுமதியோடு இருக்கட்டும். முதல் முறை நுழையும்போதே ஹோம் கோப்புறை உருவாக, உள்நுழைவைக் கையாளும் 'பாம்' அமைப்பில் அதற்கான தேர்வையும் போட்டுவிடுங்கள்.

லேப் அசிஸ்டென்ட் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "அண்ணே, சர்வர் படுத்துட்டா மொத்த லேபும் படுத்துருமே?" அதற்குத்தான் எஸ்எஸ்எஸ்டியில், நுழைவு விவரத்தை மெஷினிலேயே சேமித்து வைக்கும் 'கேஷ் கிரெடென்ஷியல்ஸ்' என்ற அமைப்பு. இயல்பில் அது அணைந்திருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். ஒரு மெஷினில் ஏற்கெனவே நுழைந்த மாணவர், சர்வர் இல்லாத நேரத்திலும் அதே மெஷினில் நுழையலாம். புது மெஷினுக்குப் போனால் முடியாது. ஆகவே அடுத்து ஒரு பழைய மெஷினில் இரண்டாவது சர்வரை நிறுவி, முதல் சர்வரின் கணக்குகள் அதிலும் தானாகப் பதிவாகும்படி ரெப்ளிகேஷன் போடப்போகிறோம்.