கிராமத்துப் பிள்ளைகளைக் கிராமத்து மருத்துவர்களாக்குதல்: ஓர் ஆசிரியரின் அனுபவம்

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவம் கற்பித்து வருகிறேன். 2017ஆம் ஆண்டு நீட் தேர்வு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபின், அரசுப் பள்ளிகளிலிருந்து எம்.பி.பி.எஸ். படிக்க வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை மாநிலம் முழுவதற்குமே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கியிருந்தது. நீதியரசர் கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020 அக்டோபர் இறுதியில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் படிவங்களில் பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தை நான் கவனித்துப் படிக்கிறேன். விவசாயக் கூலி, செங்கல் சூளை, தையல், ஆடு மேய்த்தல் என்று அங்கே எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, இந்த மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தேவைப்படும் மருத்துவர்கள் இதோ வந்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்படுகிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. கிராமப்புறங்களில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல், கிராமப் பின்னணி உள்ள மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்பதை முக்கியமான பரிந்துரையாக வைக்கிறது.

ஆனால் கிராமத்திலிருந்து வந்த மாணவர் கிராமத்துக்கே மருத்துவராகத் திரும்புவார் என்பது தானாக நடந்துவிடும் காரியமன்று. ஐந்தரை ஆண்டுப் படிப்பில், அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவையும் துணிவையும் கல்லூரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. அதைத் தடுப்பதுதான் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் முதன்மையான வேலை என்று நான் கருதுகிறேன்.

முதலாமாண்டின் சிரமம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்கள் உடற்கூறியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க மற்றவர்களைவிட மும்மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் படிப்பின் தொடக்கத்தில் ஓர் அடித்தளப் பயிற்சியை வைத்திருக்கிறது. மொழிப் பயிற்சியும் கணினிப் பயிற்சியும் அதில் அடங்கும். அது நல்ல ஏற்பாடு என்றாலும், சில வாரங்களில் ஒரு மொழி கைவந்துவிடாது. எங்கள் அனுபவத்தில் பலன் தந்தது மிக எளிய ஒரு முறை: விடுதியில் மாலை நேரத்தில் மூத்த மாணவர் ஒருவர் உடன் அமர்ந்துகொள்ள, புதியவர் அன்றைய பாடத்தை முதலில் படமாக வரைந்து, பிறகு தமிழில் விளக்கி, கடைசியாக அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தமிழில் தெளிவாக விளக்க முடிந்தவருக்கு ஆங்கிலம் சில மாதங்களில் பிடிபட்டுவிடுகிறது. இரண்டாமாண்டு முடிவதற்குள் இந்த இடைவெளி பெரும்பாலும் அடைபட்டுவிடுவதால், அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

என்னைக் கவலைப்பட வைப்பது மூன்றாமாண்டு. அதற்குள் அந்த மாணவர் மற்றவர்களைப் போலவே பேசவும் உடுத்தவும் பழகிவிடுகிறார். அதில் தவறேதும் இல்லை. ஆனால் கூடவே, தன் ஊரைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திக்கொள்கிறார். வார்டில் ஒரு பாட்டியின் பக்கத்தில் நின்று, எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவார், எப்போது கஞ்சி குடிப்பார், மாத்திரையை எங்கே வைத்துக்கொள்வார் என்று முதலாமாண்டில் இயல்பாகக் கேட்டவர், இப்போது அந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. நோயாளியின் விவரங்களை எழுதும் கேஸ் ஷீட்டில் அவற்றுக்கு இடமில்லை என்பதும், அவற்றைக் கேட்பவருக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் அன்றாடம் பார்க்கும் முன்மாதிரிகள் எல்லோரும் இதயநோய் வல்லுநரும் நரம்பியல் வல்லுநரும் அறுவை நிபுணருமே. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் காய்ச்சலையும் கர்ப்பிணியின் இரத்தசோகையையும் முதியவரின் சர்க்கரை நோயையும் ஒரு காலை வேளைக்குள் பார்த்து முடிக்கும் பொது மருத்துவர் ஒருவரைக்கூடப் பார்க்காமலேயே ஒரு மாணவர் எங்கள் மருத்துவமனை வளாகத்தில் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். பார்க்காத ஒன்றாகத் தான் ஆக வேண்டும் என்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

ஊர் தந்த அறிவு மருத்துவத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். எங்கள் பயிற்சி மருத்துவர்கள் சமூக மருத்துவப் போஸ்டிங்கில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்கிப் பணியாற்றுவார்கள். நிலக்கடலை அறுவடைக் காலத்தில், விடியற்காலையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை அவருடைய மனைவி கூட்டிவந்தார். கடுமையான வயிற்றுவலி, இருமுறை வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பது போன்ற உணர்வு. உடம்பில் காயமோ வீக்கமோ இல்லை. வயிற்றுப்புண் என்று எண்ணி ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவைக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. அங்கே இருந்த பயிற்சி மருத்துவர், மானாவாரி நிலத்தில் கடலை போடும் குடும்பத்தில் பிறந்த பெண். அவர் கேட்ட முதல் கேள்வி, இரவு எங்கே படுத்திருந்தீர்கள் என்பது. காயப்போட்ட கடலைக்குக் காவலாகக் களத்திலேயே வெறும் சாக்கை விரித்துப் படுத்திருந்ததாகப் பதில் வந்தது. உடனே அவர் நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி இமைகளைக் கவனித்திருக்கிறார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லியிருக்கிறார். இமைகள் லேசாகச் சரிந்திருந்தன. எண்ணிக்கை பாதியிலேயே நின்றது.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் உறங்குபவரைக் கடிக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலியோடு தொடங்கி, இமை சரிந்து, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழந்து உயிர் போகும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது; எங்கள் மாணவர்கள் எல்லோரும் தேர்வில் எழுதியும் இருப்பார்கள். ஆனால், வயிற்றுவலி என்று வந்தவரிடம் படுத்த இடத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம், களத்தில் தானும் தன் தகப்பனும் படுத்து எழுந்த நினைவிலிருந்து வந்தது. பணியில் இருந்த மருத்துவ அலுவலர் பாம்புக்கடி நஞ்சுமுறிவு மருந்தைத் தொடங்கி, மூச்சு நின்றால் அழுத்திக் கொடுக்க ஆம்பு பையைத் தயாராக வைத்து, 108 ஊர்தியில் பயிற்சி மருத்துவரையும் உடன் ஏற்றி அனுப்பினார். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் நோயாளியை வென்டிலேட்டரில் இணைக்க வேண்டியிருந்தது. சில நாட்களில் அவர் தேறி வீடு திரும்பினார். அன்றைய ஓ.பி. சீட்டை நான் வாங்கிப் பார்த்தேன். வயிற்றுவலி, வாந்தி என்பவற்றுக்குக் கீழே, "களத்தில் தரையில் படுக்கை" என்று அந்தப் பயிற்சி மருத்துவர் தமிழிலேயே எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். அந்த ஒரு வரிக்காக அந்தச் சீட்டின் நகலை இப்போதும் புதிய அணிகளுக்குக் காட்டுகிறேன்.

இத்தகைய அறிவு வெறும் நினைவாக இருந்துவிடாமல், கேள்வியாக மாறும்படி பயிற்றுவிக்க வேண்டும். எங்கள் துறையில் நோயாளியின் வரலாறு எழுதும்போது, செய்யும் வேலை, படுக்கும் இடம், உண்ணும் நேரம், வீட்டில் குளிர்பதனப் பெட்டி உண்டா இல்லையா என்பவற்றைக் கட்டாயம் எழுதச் சொல்கிறோம். இன்சுலின் எழுதிக் கொடுப்பது எளிது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதை எப்படி வைத்துக்கொள்வது, ஈரமணலில் வைத்த மண்பானை போதுமா, காலையில் வெறும் நீராகாரத்தோடு நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எந்த வேளையில் எவ்வளவு போடுவது, பகலில் சர்க்கரை தாழ்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைச் சொல்லித் தருவதுதான் கடினம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கருகிய புண் இருக்கிறதா என்று தேடினால்தான் உண்ணிக் காய்ச்சல் பிடிபடும். ஆடு மாடு மேய்ப்பவரா, புதருக்குள் விறகு பொறுக்கினாரா என்று கேட்டால்தான் தேடவே தோன்றும். பிடிபட்டுவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

இவற்றோடு, தனியாக முடிவெடுக்கும் பயிற்சியும் வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரின் தலைக்கு மேலே பட்டமேற்படிப்பு மாணவர், உதவிப் பேராசிரியர், பேராசிரியர் என்று அடுக்கடுக்காக ஆள் இருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காத தாய் ஒருத்தியின் முன்னால், அவரும் ஒரு செவிலியரும் மட்டுமே இருப்பார்கள். கருப்பையைக் கையால் அழுத்திப் பிடிப்பது, ஆக்சிடோசின் கொடுப்பது, இரண்டு கைகளிலும் ஊசிவழி திறப்பது, வண்டியை அழைப்பது ஆகியவை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதை வகுப்பில் சொல்லிப் பயனில்லை என்பதால், செவிலியர்களையும் சேர்த்து, பொம்மையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒத்திகை நடத்துகிறோம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் முதல் தவணையைக் கொடுத்த பிறகுதான் மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பணியாற்றும் செவிலியர்களிடமிருந்தும் கிராம சுகாதார செவிலியர்களிடமிருந்தும் கற்றுக்கொள்ளும் பணிவும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதிதான்; கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பொதுவாக எளிதில் வருகிறது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கிராமப் பின்னணி என்பது ஒரே மாதிரியானது அன்று. புதிய பாடத்திட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட விதியின்படி ஒவ்வொரு மாணவரும் ஒரு சிற்றூரில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய உடல்நலத்தைப் பின்தொடர வேண்டும். ஓர் அணி முதல் களப்பணியை முடித்துவந்தபோது, தேர்ந்தெடுத்த வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தோம். ஏறத்தாழ எல்லா வீடுகளும் ஊர்த்தெருவில் இருந்தன. சாலைக்கு அப்பால் இருந்த காலனிக்குள் மாணவர்கள் செல்லவே இல்லை. அவர்களில் கிராமத்தில் பிறந்தவர்களும் இருந்தார்கள். சொல்லப்போனால், எந்தத் தெருவுக்குள் போகக்கூடாது என்பதைச் சிறுவயதிலேயே பழகியவர்கள் அவர்கள்தான். காலனியிலிருந்து படிக்க வந்த மாணவருக்கோ, ஊர்த்தெருவில் கதவைத் தட்டுவதில் வேறு விதமான தயக்கம் இருந்தது. அதன்பின் வீடுகளைக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலிருந்து நாங்களே கலந்து ஒதுக்குகிறோம்; முதல் வருகையில் ஆசிரியர் ஒருவர் கூடவே செல்கிறார். சாதியைப் பற்றிப் பேசாமல் கிராம மருத்துவத்தைக் கற்பித்துவிடலாம் என்று எண்ணுவது நோயாளிகளில் ஒரு பகுதியினரைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

படித்து முடித்தவர்கள் தங்குவார்களா என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் முழுவதையும் ஏற்று, படிப்பு முடிந்தபின் சொந்த மாகாணத்திலேயே ஒன்பது ஆண்டுகள் பணியாற்றச் செய்கிறது. நம் மாநில அரசும் உள் ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது; ஆனால் அவர்களுடைய சொந்த மாவட்டத்தோடு அவர்களை இணைக்கும் கண்ணி ஏதும் அதில் இல்லை. ஏழைப் பிள்ளைகள் மீது மட்டும் கட்டாயப் பணி ஒப்பந்தத்தைச் சுமத்துவதை நான் ஏற்கவில்லை. மாறாக, விரும்புவோருக்குச் சொந்த வட்டாரத்தில் பணி, குடியிருக்கத் தக்க வீடு, இரவுப் பணியில் பெண் மருத்துவருக்குப் பாதுகாப்பு, சில ஆண்டுகளுக்குப் பின் உறுதியான மேற்படிப்பு வாய்ப்பு ஆகியவற்றைத் தரலாம். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது, கிராமத்தில் பணியாற்றும் இளம் மருத்துவர்களுக்குப் பெரிய ஆறுதல். இருப்பினும் அந்த ஒதுக்கீட்டில் எலும்பு சிகிச்சையோ கதிரியக்கமோ படித்தவர் மீண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரப்போவதில்லை. குடும்ப மருத்துவத்தை மதிப்புள்ள மேற்படிப்பாகப் பரவலாக்கினால், சிறந்த மாணவர்கள் ஊரைவிட்டு விலகாமலேயே உயர முடியும். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூர், கள்ளக்குறிச்சி, இராமநாதபுரம் போன்றவை அதற்கு மிகப் பொருத்தமான இடங்கள்.

எங்கள் துறை அளவில் இப்போது செய்யக்கூடியதைச் செய்துவருகிறோம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் மருத்துவ அலுவலரை மாதந்தோறும் வகுப்புக்கு அழைக்கிறோம். அவரும் அரசுப் பள்ளியில் படித்தவர். அந்த வாரம் தான் பார்த்த நோயாளிகளைப் பற்றி அவர் பேசுவார்; அதைவிட அதிக நேரம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். குடியிருப்பில் தண்ணீர் வருமா, படிக்க நேரம் கிடைக்குமா, உள்ளூர்ப் பிரமுகர் குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டால் யாரை அழைப்பது, சொந்த ஊரிலேயே வேலை பார்த்தால் உறவினர்கள் மருந்துச் சீட்டு கேட்டு நச்சரிப்பார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். எதையும் மறைக்காமல் அவர் பதில் சொல்வதால், அந்த வகுப்புக்கு வராமல் இருப்பவர்கள் குறைவு. அடுத்த கல்வியாண்டு முதல் சமூக மருத்துவ அகமதிப்பீட்டில் அவரையும் ஒரு தேர்வாளராக அமர்த்தத் துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. நோயாளி வரலாற்றுக்கான மதிப்பெண் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்திருக்கிறோம். அவர் அனுப்பிய முதல் வரைவில், நோயாளி செய்யும் வேலையையும் படுக்கும் இடத்தையும் உண்ணும் நேரத்தையும் கேட்டறிவதற்குத் தனித்தனியே மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்.